மூன்றாம் வரியின் ஏற்றம்

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, தம்பியின் கறுப்பு ஷூவில் காணாமல் போன ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள் அக்கா. சவப்பெட்டிக்காரர்கள் இரண்டு பேர் கூடத்தில் காத்திருந்தார்கள். சட்டை, கோட்டு, டை எல்லாம் போட்டாகிவிட்டது. காலுக்கு மட்டும்தான் பாக்கி.

"அண்ணி, அதை விடுங்க. இதைப் போடச் சொல்லிட்டேன்."

தம்பி மனைவி அறை வாசலில் வேறொரு ஜோடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆர்கன் வாசிக்கிற ஷூ. அடித்தோல் காகிதம் மாதிரி மெலிசாக இருக்கும். காலால் அமுக்குகிற கட்டைகள் பாதத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. தெருவில் ஒருநாளும் அதைப் போட்டு அவன் நடந்ததில்லை. துணிப்பையில் வைத்து சர்ச்சுக்குக் கொண்டுபோய், ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்துதான் மாட்டுவான்.

"இதைப் போட்டா நடக்க முடியாதேம்மா," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பெட்டிக்காரர்களில் இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி மனைவி ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

முந்தாநாள் சாயந்தரம் தம்பி தன் மேஜையில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அதே சர்ச்சில் ஆர்கன் வாசித்தவன். மற்ற நாட்களில் வீட்டில், வெளி சர்ச்சுகளில் வாசிக்கிறவர்களுக்கு இசை இலக்கணம் சொல்லிக் கொடுப்பான். நான்கு குரல்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் எப்படி நடக்க வேண்டும், எந்த இரண்டு குரல் சேர்ந்து தாவக் கூடாது, அந்த மாதிரி. பழைய பாட்டுகளின் கடைசிச் சரணத்துக்கு, மெட்டு அப்படியே இருக்க அதைச் சுற்றி வாசிப்பதற்கு, புதிதாக ஸ்வரக்கட்டு எழுதுவான். அதைப் பிரதி எடுத்துப் போக எங்கெங்கிருந்தோ ஆள் வரும்.

"யோசிக்கிறார்னு நினைச்சு டீயை மூடி வெச்சுட்டுப் போயிட்டேன்," என்று வருகிறவர்களிடம் எல்லாம் தம்பி மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கூடாமல், ஒரு வார்த்தை குறையாமல்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். மத்தியானம்தான் ஆராதனை. அதற்கு முன்னால் சர்ச்சுக்குப் போய்ப் பாட்டை ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட வேண்டும். தம்பியிடம் படித்த பல் டாக்டர் ஒருவர் இன்றைக்கு ஆர்கன் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டு வேணாமே அண்ணி," என்றாள் தம்பி மனைவி. நேற்றிலிருந்து இது மூன்றாவது தடவை. "சின்னதா வேற ஏதாவது பாடிக்கலாம்."

"ஆராதனைத் தாளை அச்சடிச்சுக் கொடுத்தாச்சேம்மா. ரெண்டாவது சரணம் நான் தனியா பாடறேன்னு போட்டிருக்கு."

"அவர் வாசிச்சாத்தான் அது உங்களுக்குச் சரியா வரும்."

"என் தொண்டை என்கிட்டத்தானே இருக்கு? அவனா எடுத்துட்டுப் போயிட்டான்?"

தம்பி மனைவி சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அக்கா படியிறங்கினாள்.

அவள் வேலை பார்த்த காலம் முழுக்க டெலிபோன் ஆபரேட்டர். முகம் தெரியாதவர்கள்கூட அவள் குரலைக் கேட்டுவிட்டு, "நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டதுண்டு. பாடகர் குழுவில் மேல்குரல் வரிசைக்கு அவள்தான் தலைமை. எல்லாருக்கும் பெரியக்கா. அந்த வரிசையில் மற்றவர்களுக்கு அவள் வயதில் பாதி இருந்தால் அதிகம். இந்த வயதிலும் மூன்றாவது வரியின் ஏற்றத்தை மூச்சு வாங்காமல் தொடுகிறாளே என்று ஆச்சரியப்படாதவர்கள் சபையில் கிடையாது. ஆச்சரியப்படாதவர்களுக்கு அவளே எடுத்துச் சொல்லுவாள்.

சர்ச்சில் டாக்டரைத் தவிர யாரும் இல்லை. பெஞ்சுகளைத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டார் பின்னால் எங்கோ உறுமிக்கொண்டிருந்தது. கழுவிக் கழுவி வெளுத்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அவளைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றார்.

"உக்காருங்க டாக்டர்."

"மாஸ்டர் இருந்த இடத்துல உக்காரவே கூச்சமா இருக்கு." பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "நேத்து மாஸ்டர் வீட்டம்மா கொடுத்தாங்க. அவர் கடைசியா திருத்தினது என்னோட பயிற்சியைத்தான். முதல் பக்கம் பூரா சிவப்பு. ரெண்டாவது பக்கத்துல ஒண்ணுமே இல்ல. தப்பே இல்லையா, இல்ல…"

"அவன் பார்த்திருக்க மாட்டான்."

"அதான் நானும் நினைச்சேன்," என்று டாக்டர் தாளை மடித்து உள்ளே வைத்தார். இலக்கணப் பரீட்சையில் அவர் இரண்டு முறை தோற்றவர். மூன்றாவது முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவர் வாசிப்பது ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ஒரு சின்ன சர்ச்சில். இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வந்ததில்லை.

"எப்பவும் அவன் வாசிக்கிற மாதிரியே வாசிங்க. போதும்," என்றாள் அக்கா.

டாக்டர் புத்தகத்தைத் திறந்து வைத்தார். தம்பியின் புத்தகம். சபையின் கையில் இருப்பவற்றில் வெறும் வார்த்தைகள்தான். ஸ்வரம் எழுதியது இது ஒன்றுதான். டாக்டர் வாசித்தார், அக்கா ஆரம்பித்தாள்.

முதல் வரியிலேயே ஏதோ தொண்டையைப் பிடித்தது. இரண்டாவது வரியில் கழுத்து நரம்பு இழுத்தது. மூன்றாவது வரியின் ஏற்றத்தில் வாய் திறந்திருந்தது, காற்று வெளியே வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

டாக்டர் கையை எடுத்தார். "தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தாள். மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை ஏற்றத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும்மா. ரெண்டு நாளா…"

"நான் அழவே இல்லையே," என்றாள் அக்கா. அது உண்மை. "டாக்டர், நீங்க ஏன் இவ்வளவு உயரத்துல வாசிக்கிறீங்க?"

"புத்தகத்துல இருக்கிற மாதிரிதான் வாசிக்கிறேன். பாருங்க, ஆரம்பத்துல மூணு ஃப்ளாட் குறி. ஈ ஃப்ளாட் சுருதி."

"அவன் இப்படி வாசிக்க மாட்டான்."

"இதே புத்தகம்தானேம்மா?"

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். டாக்டர் ஒற்றை விரலால் மெட்டை மட்டும் அரை ஸ்வரம் கீழே வாசித்தார். அவள் தலையை அசைத்தாள். இன்னும் அரை. அதுவும் இல்லை. இன்னும் ஓர் அரை கீழே போய் ஆரம்பித்ததும் அவள் தொண்டை தானாகவே திறந்துகொண்டது. வழக்கமான இடத்தில் வழக்கமான மூச்சு. மூன்றாவது வரி வந்தது, ஏற்றம் வந்தது, குரல் போய் அங்கே நின்றது.

"இதுதான். இதைத்தான் அவன் வாசிப்பான்."

டாக்டரின் விரல் கட்டை மேலேயே இருந்தது. ஸ்வரம் நீண்டுகொண்டே போனது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலிருந்து தெரிந்தது. அவருக்கு என்ன புரிந்தது என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது.

"இது சி சுருதி," என்றார் மெதுவாக. "மூணு அரை இறங்கியிருக்கு."

"அப்படின்னா?"

"மாஸ்டர் இறக்கி வாசிச்சிருக்கார். கண்ணு புத்தகத்துல ஒண்ணைப் பார்க்கும், கை வேற ஒண்ணை வாசிக்கும். அவருக்கு அது சாதாரணம். எங்களுக்குத்தான் வராது." விரலை எடுத்தார். "ஒரே நாள்ல இவ்வளவு இறக்கியிருந்தா யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. அரை இறக்கி, ரெண்டு மூணு வருஷம் விட்டு, அப்புறம் இன்னொரு அரைன்னு… அப்படித்தான் போயிருக்கணும்."

அக்கா முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈரம் சேலையில் ஏறியது. எழுந்திருக்கவில்லை.

போதகர் இந்த சர்ச்சுக்குப் புதிதாக வந்த சமயம் அவள் நினைவுக்கு வந்தது. வயதானவர்கள் கீழ்க்குரலுக்கு மாறிக்கொள்ளட்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. "அக்காவை ஒருதடவை பாட வெச்சுக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க ஐயா," என்றவன் தம்பி. அவள் பாடினாள். போதகர் பேனாவை மூடிப் பைக்குள் செருகினார். எல்லாரும் போன பிறகு தம்பியிடம், "பார்த்தியா, அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு என் குரல்," என்றாள். அவன் குனிந்து ஷூ மாற்றிக்கொண்டிருந்தான். "ஆமாக்கா," என்றான். முடிச்சு அவிழவில்லையோ என்னவோ, குனிந்தபடியே ரொம்ப நேரம் இருந்தான்.

"என் ஒருத்திக்காகவா டாக்டர்?"

"இல்லம்மா. இந்தச் சபைல பாதிப்பேர் உங்க வயசுதானே? எல்லாருக்கும்தான்."

அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. கைப்பையைத் திறந்தாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள்.

"உங்களால இறக்கி வாசிக்க முடியுமா?"

"பார்த்த மாத்திரத்துல வராதும்மா. எழுதி வெச்சா வாசிச்சிடுவேன்."

"அப்போ எழுதுங்க."

ஆர்கன் பெஞ்சின் பலகையைத் தூக்கினால் உள்ளே ஐந்து கோடு போட்ட தாள் கட்டாக இருந்தது. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் ஒரே ஆசிரியையிடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் பாடப் போய்விட்டாள், அவன் எழுதப் போய்விட்டான். படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். டாக்டரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டதும் ஒவ்வொன்றாக வந்தது.

"கோட்டுல இருக்கிறதை அடுத்த கீழ்க்கோட்டுக்கு இறக்குங்க. நடுவுல இருக்கிறதை அடுத்த கீழ் இடைவெளிக்கு. மூணு ஃப்ளாட்டையும் எடுத்துடுங்க."

டாக்டர் நாக்கின் நுனியை உதட்டில் வைத்துக்கொண்டு எழுதினார். நான்கு குரலும் எழுத வேண்டும். பாதியில் பென்சில் முனை ஒடிந்தது. கைப்பையிலிருந்த சின்னக் கத்தியால் அவள் சீவிக் கொடுத்தாள்.

"பல்லு கட்டுறது இதைவிடச் சுலபம்," என்றார் டாக்டர்.

"வலிக்கிறது உங்களுக்கு இல்லைல்ல, அதான்."

டாக்டர் சிரித்தார். சிரிக்கலாமா என்று யோசித்துப் பாதியில் நிறுத்தினார். பிறகு எழுதியதை வாசித்துப் பார்த்தார்கள். இரண்டாவது வரியின் முடிவில் அக்கா கையைத் தூக்கினாள்.

"இங்க இடிக்குது."

"சரியாத்தானே எழுதியிருக்கேன்? புத்தகத்துல இங்க நேச்சுரல் இருக்கு. ஒண்ணும் போடாம விட்டிருக்கேன்."

"அங்க ஃப்ளாட்டை எடுக்கிறதுக்காகப் போட்டிருக்கு. அதை எடுத்தா ஸ்வரம் அரை ஏறும். இங்க எடுக்கிறதுக்கு ஃப்ளாட்டே இல்லையே. ஏத்தணும்னா ஷார்ப்தான் போடணும்."

டாக்டர் தாளையே பார்த்தார். "போன தடவை பரீட்சைல இதைத்தான் விட்டேன்," என்றார். ஷார்ப் போட்டார்.

முடிந்ததும் பையிலிருந்து இன்னொரு கட்டுத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது போல ஓரத்தைத் தடவினார்.

"கடைசிச் சரணத்துக்கு மாஸ்டர் எழுதின ஸ்வரக்கட்டு. ரெண்டு நாளா உக்காந்து பழகினேன். அவருக்கு அதையாவது வாசிச்சுடலாம்னு. ஆனா இதுவும் ஈ ஃப்ளாட்தான். இதை இறக்கி எழுத இப்போ நேரம் போதாது."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். பக்கம் முழுக்க ஸ்வரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தம்பியின் கையெழுத்து. எங்கெங்கோ இருக்கிற, இள வயதுக்காரர்கள் பாடுகிற சர்ச்சுகளுக்காக எழுதியது.

"பெட்டியைத் தூக்கிட்டு வெளியே போவாங்கல்ல, அப்போ வாசிங்க," என்றாள். "யாரும் பாட வேண்டியதில்ல. எவ்வளவு உயரத்துல வேணாலும் இருக்கட்டும்."

மத்தியானம் சர்ச் நிரம்பிவிட்டது. பெட்டியை முன்னால் வைத்திருந்தார்கள். பாடகர் குழு இருக்கும் இடத்துக்குப் போகும் முன் அக்கா தம்பி மனைவியின் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியும்தானே?"

தம்பி மனைவி எது என்று கேட்கவில்லை. "ம்," என்றாள்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பாடறதை விட்டுடுவீங்கன்னார்."

"விட்டிருப்பேன்."

"அதான்."

போதகர் வந்து நின்றார். எல்லாரும் எழுந்தார்கள். அவர் இறந்தவனைப் பற்றிப் பேசியது சுருக்கமாக இருந்தது, தப்பாகவும் இல்லை. ஆர்கன்காரர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்றார். அது நிஜம்தான். பிறகு பாட்டு.

முதல் சரணத்தைச் சபை பாடியது. மூன்றாவது வரியில் எல்லாக் குரலும் ஏறிப் போய் நின்று இறங்கியது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பின்வரிசையில் இருந்த பழைய தபால்காரரின் டெனர், ஆண்களில் மேல்குரல், மற்றவற்றைவிட ஒரு சாண் உயரத்தில் கேட்டது. எப்போதும் அப்படித்தான். டாக்டர் தன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அந்த ஷார்ப் வந்தது, சரியாக வந்தது.

இரண்டாவது சரணத்துக்கு அக்கா ஓர் அடி முன்னால் வந்து நின்றாள். பாட முடியாது என்று சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து இரண்டு மூன்று முறை நினைத்திருந்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பாடினாள். ஏற்றம் வந்தபோது எப்போதும் போல முகவாயைத் தூக்கப் போனவள், தூக்காமல் பாடினாள். குரல் போய் நின்றது. முன்வரிசையில் ஒரு கிழவி கைக்குட்டையை எடுத்தாள். போதகர் கண்ணை மூடித் தலையை அசைத்தார். பாடி முடித்து வரிசைக்குத் திரும்பும்போது அக்கா யாரையும் பார்க்கவில்லை. பாட்டு அதன்பிறகு எல்லாருடையதாகப் போய் முடிந்தது.

பெட்டியைத் தூக்கினார்கள். தம்பி மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால் நடந்தாள். பாதி வழியில் ஆர்கன் மறுபடி எழுந்தது. அதே மெட்டுதான், ஆனால் மேலே, நிஜமான இடத்தில். தம்பியின் ஸ்வரக்கட்டு அதைச் சுற்றி அடர்த்தியாக நகர்ந்தது. ஓர் இடத்தில் டாக்டரின் கை தடுமாறியது, நிற்காமல் போனது. மூன்றாவது வரி வரும்போது அக்காவின் பிடி இறுகியதா, இல்லை தம்பி மனைவிதான் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாளா, தெரியவில்லை. இருவரும் ஒரே வேகத்தில் வாசலைத் தாண்டினார்கள்.

"ஏதோ வேற மாதிரி இருக்கே இது," என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"பாட்டு இல்லாம வெறும் வாத்தியம் மட்டும் கேட்டா அப்படித்தான் இருக்கும்," என்றார் இன்னொருவர்.

கல்லறையில் வேலை சீக்கிரம் முடிந்தது. கூட்டம் இரண்டு இரண்டு பேராகக் கலைந்தது. தம்பி மனைவியைப் பக்கத்து வீட்டார் காரில் ஏற்றிக் கூட்டிப் போனார்கள். "நீங்களும் வாங்க அண்ணி," என்றாள். "பின்னாலேயே வரேன், நீ போய்ப் படு," என்றாள் அக்கா. டாக்டர் வந்து நின்று, ஏதோ சொல்ல நினைத்து, "பரீட்சை அடுத்த மாசம்," என்று மட்டும் சொன்னார்.

"சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. அந்த ரெண்டாவது பக்கத்தை எடுத்துட்டு வாங்க," என்றாள் அக்கா. "எனக்கும் பாதிதான் தெரியும். பார்ப்போம்."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார்.

கேட்டை நோக்கி அவள் நடக்கும்போது தபால்காரர் பின்னால் வேகமாக வந்து சேர்ந்துகொண்டார். வேகமாக என்றால், அவருக்கு வேகம். எண்பதை நெருங்குகிறவர். கண் சிவந்திருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு.

"பெரியக்கா, இந்த நேரத்துல இதைச் சொல்லக் கூடாது. ஆனா சொல்றேன். மூணாவது வரில என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"உங்க தம்பி போயிட்டாரே, இனிமே எப்படிப் பாடப் போறோமோன்னு பயந்துட்டேதான் வந்தேன். அப்படியே வந்துச்சு. ஒரு இழைகூடப் பிசகல. வாசிக்கிறது யாரா இருந்தா என்ன, தொண்டை நம்மளுதுதானே?"

காற்று பலமாக அடித்தது. அவருடைய மேல் பட்டன் கழன்று கழுத்து திறந்து கிடந்தது. தோல் தொங்கிப்போன, நரம்பு தெரிகிற கழுத்து. அதில் தொண்டை மணி பேசப் பேச மேலும் கீழும் போய் வந்தது.

"நீங்களே சொல்லுங்க, ஏதாவது குறைஞ்சிருக்கா?"

"ஒண்ணும் குறையல," என்றாள் அக்கா. "குளிர் காத்து. கழுத்தை மூடிக்குங்க."

அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பட்டன் துளைக்குள் போகவில்லை. அவள் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் போட்டுவிட்டாள்.